கமாவில் பிரித்தால் புரோகிராம் ஏன் நிற்கிறது?

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் மாமாவுக்கு, பைத்தான் மொழியில் ஒரு சின்னக் கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். 'மல்லி,12,800' என்று பூ, கிலோ, விலை மூன்றையும் ஒரே வரியில் அடிப்பார். அதைக் கமாவில் பிரித்துக் கணக்குப் போடும். சில நாள் மட்டும் 'வேல்யூ எரர்' (மதிப்பு சரியில்லை என்கிற பிழை) வந்து நின்றுவிடுகிறது. என்ன செய்ய? (மேலூர் வாசகர்)

பதில்: பிரித்ததும் எத்தனை துண்டு வந்திருக்கிறது என்று பார்க்காமலே பூ, கிலோ, விலை என்று மூன்று பெயரில் வாங்கிவிடுகிறீர்கள். முதலில் லென் போட்டு எண்ணுங்கள், மூன்று இல்லையென்றால் மறுபடி கேளுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும், ஓரத்து ஸ்பேஸை வெட்டுகிற ஸ்ட்ரிப் போடுங்கள். எண்ணில் ஒட்டிய ஸ்பேஸை பைத்தான் பொறுத்துக்கொள்ளும், பூப்பெயரில் ஒட்டினால் ராத்திரி மொத்தம் போடும்போது மல்லியே இரண்டு பூவாக நிற்கும்.

சில நாள் மட்டும் என்கிறீர்களே, அது அநேகமாக விலை ஆயிரம் தாண்டிய நாள். பனிக்காலத்தில் வரத்து குறைந்து மல்லி ஏறும்போது மாமா 1,200 என்று கமாவோடு அடிப்பார், துண்டு நான்காகிவிடும். பிரிக்கிற கட்டளையான ஸ்ப்ளிட்டில் 2 என்று எல்லை கொடுத்து முதல் இரண்டு கமாவில் மட்டும் பிரித்து, மிச்சத்தில் இருக்கிற கமாவை நீக்கிவிடு என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கை தவறி 'மல்லி,12,800,5' என்று அடித்தால் விலை 8005 ஆகி கமுக்கமாக ஏறிவிடும், அப்புறம் விவசாயிக்குப் பட்டுவாடா பண்ணும்போது தகராறுதான். எண்ணுக்குள் வராத அரைப்புள்ளியை வைத்துப் பிரியுங்கள், 'மல்லி;12;1,200' என்று. விலைக்குள் இருக்கும் கமாவை அதற்கப்புறம் நீக்கினால் போதும்.

கிலோ 12.5 ஆகவும் வரும், முழு எண்ணை மட்டும் வாங்கும் இன்ட் அதை ஏற்காது. தசம எண்ணுக்கான டெசிமல் போடுங்கள், அதில் தப்பு வந்தால் வேல்யூ எரர் வராது, 'இன்வேலிட் ஆபரேஷன்' வரும், அதைப் பிடிக்க வேண்டும். எல்லாம் எழுத்துதானா என்று பார்க்கும் இஸ்ஆல்ஃபா வைத்துப் பூப்பெயரைச் சோதிக்காதீர்கள், 'மல்லி'யையே அது ஒத்துக்கொள்ளாது, நம் மெய்ப்புள்ளியும் 'லி'யில் வரும் இகரக் குறியும் அதன் கணக்கில் எழுத்தே இல்லை. கடைக்கு வருகிற பூக்களைப் பட்டியலாக வைத்து ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் விற்கிறார்களே, அவர்களிடம் இதைக் கொண்டு போகாதீர்கள். எரரைப் பிடிக்கிற 'எக்செப்ட்' போட்டு, அடியில் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடு என்கிற 'பாஸ்' எழுதி எரரை மறைத்துவிட்டு, சரியாகிவிட்டது என்பார்கள். சிலர் இன்புட்டை இவால் என்கிற கட்டளைக்குள் தள்ளிவிடுகிறார்கள், அடிக்கிறதையெல்லாம் அது கட்டளையாகவே ஓட்டிவிடும். பரீட்சையில் புரோகிராமைக் காகிதத்தில் எழுதச் சொல்லி மார்க் போட்டால் பிள்ளைகள் தப்பான இன்புட்டை எங்கே பார்ப்பார்கள், கடைசியில் இவர்களிடம்தான் போய் நிற்கிறார்கள். உங்கள் புரோகிராமில் அந்த 'பாஸ்' எங்காவது இருந்தால் எடுத்துவிட்டு, எந்தத் துண்டு தப்போ அதையே திரையில் மாமாவுக்குக் காட்டுங்கள்.