கப்பல் சுற்றுலா முடிந்து வந்தபின் இருமலும் காய்ச்சலும்: வெறும் பயணக் களைப்புதானா?

அப்பாவும் அம்மாவும் கப்பல் சுற்றுலா போய் வந்து ஒரு வாரம், அப்பாவுக்கு மட்டும் காய்ச்சலும் இருமலும், "களைப்புத்தான்" என்று சொல்லிச் சமாளிக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வெளிநாட்டில், அவர்கள் ஊரில் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். உங்கள் அப்பாவை எனக்குத் தெரியாது. அந்தச் சமாளிப்பை நன்றாகத் தெரியும். நானே ஒன்பது நாள் சமாளித்தவன்.

நான் வைத்தியர் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்று, கிளிநொச்சிப் பக்கம் மூன்று ஏக்கர் வயல் செய்கிறவன். "வயல்காரனுக்கு எதற்குக் கப்பல் உல்லாசம்" என்று கீழே எழுதக் காத்திருப்பவர்களுக்கு: டிக்கெட் எடுத்தது டொரொன்டோ மருமகன். மகளைப் பார்க்கப் போன இடத்தில், "பனிக்குள் அடைந்து கிடக்க வேண்டாம் மாமா" என்று மயாமிக்குக் கூட்டிப்போய் ஏழு நாள் பயணத்துக்கு ஏற்றிவிட்டார்.

மேல்தட்டில் ஒரு சுடுநீர்த் தொட்டி இருந்தது. முழங்கால் வலிக்காரனுக்கு அது சொர்க்கம். மாலை ஐந்து மணிக்கு இறங்கினால் இருட்டும்வரை எழும்ப மாட்டேன். அடியிலிருந்து நீர் பீறிட்டு நுரை கட்டும். நுரை உடையும்போது பொடித்துளி முகமெல்லாம் அடிக்கும், இமை மயிரில் ஈரம் கோத்து நிற்கும். கழுத்தளவு தண்ணீரில் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தேன். மனைவி அந்தப் பக்கமே வரவில்லை. தூரத்துச் சாய்வு நாற்காலியில் சுவெட்டரைப் போர்த்துக்கொண்டு, "போதும், எழும்புங்கள், தோல் ஊறிப்போய்விடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊர் வந்தபோது காலபோக அறுவடை. மூன்றாம் நாள் வயலில் நிற்கும்போதே குளிர் எடுத்தது. அன்றிரவு காய்ச்சல், பிறகு வறட்டு இருமல், வயிற்றோட்டம். கொத்தமல்லி அவித்துக் குடித்தேன், ஆவி பிடித்தேன், பனடோல் போட்டேன். பிறகு ஒரு தனியார் மருந்தகத்தில் காட்டினேன். அங்கிருந்த வைத்தியர், "ஐயா, அறுவடையில் நின்றீர்களா?" என்று கேட்டார். நின்றேன் என்றேன். நெல்லுத் தூசி என்று அமொக்சிசிலின் எழுதித் தந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கப்பலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை? கனடா போனது ஊருக்குத் தெரியும், கப்பல் ஏறியது தெரியாது. உர மானியத்துக்குப் பெயர் கொடுத்திருந்தேன். தம்பியிடம் வாங்கிய கடனும் பாக்கி. அந்த மருந்தகத்தில் மருந்து கட்டித் தருகிற பிள்ளை எங்கள் ஒழுங்கைக்காரி. அவள் காதில் விழுந்தால் பொழுதுபடுமுன் ஊரே பேசும்.

ஆறாம் நாள் இரவு நான் எழுந்து, "வாய்க்கால் கதவைத் திறந்துவிடு, கப்பல் தரை தட்டுகிறது" என்று சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. ஒன்பதாம் நாள் மூச்சு வாங்க முடியாமல் வைத்தியசாலைக்குத் தூக்கிப் போனார்கள். அங்கேதான் மனைவி, "இவர் கப்பலில் போய் வந்தவர்" என்று போட்டு உடைத்தார். வயதான தாதி ஒருவர் கட்டிலருகே குனிந்து, "எந்தக் கப்பல் அம்மா, மாத்தளன் கப்பலா?" என்று கேட்டிருக்கிறார். அவரில் பிழையில்லை. வன்னியில் எங்கள் வயதுக்காரருக்குக் கப்பல் என்றால் 2009 இல் புதுமாத்தளன் கரையிலிருந்து காயக்காரரை ஏற்றிப்போன செஞ்சிலுவைச் சங்கக் கப்பல்தான். பழைய காயம் ஏதோ கிளம்பிவிட்டது என்று அவர் நினைத்திருக்கிறார்.

இளம் வைத்தியர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து, "சுடுநீர்த் தொட்டியில் இருந்தீர்களா?" என்று நேராகக் கேட்டார். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தது. மருந்தை அசித்ரோமைசினுக்கு மாற்றி, சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பினார். லீஜியோனேயர் நோய் என்று முடிவு வந்தது, ஒரு கிருமியால் நுரையீரலில் வரும் கடுமையான நிமோனியா. 1976 இல் பிலடெல்பியாவில் கூடிய 'அமெரிக்கன் லீஜியன்' என்ற முன்னாள் படைவீரர் சங்க மாநாட்டில் பரவிப் பலரைக் கொன்றதால் வந்த பெயராம். அந்தக் கிருமி 25 முதல் 45 பாகை வரையான இளஞ்சூட்டு நீரில் பெருகும். சூட்டில் குளோரின் சீக்கிரம் பறந்துவிடுவதால், சரியாகப் பராமரிக்காத தொட்டி அதற்குத் தோதான இடம். துளியோடு மூச்சில் ஏறி நுரையீரலின் உயிரணுக்களுக்குள்ளேயே குடியிருக்கும். அமொக்சிசிலின் அங்கே எட்டாது. 1994 இல் ஒரே கப்பலின் ஒன்பது பயணங்களில் 50 பேருக்கு இது வந்ததாகவும், தொட்டியில் இறங்காமல் பக்கத்தில் இருந்தவர்களும் அந்த 50 பேரில் அடக்கம் என்றும் வைத்தியர் சொன்னார். மனைவி தன் சாய்வு நாற்காலியை நினைத்து நெற்றியில் கை வைத்தார்.

"எல்லா இருமலையும் பெரிய நோயாக்குகிறான்" என்று யாரும் வர வேண்டாம். கப்பலில் கொரோனாவும் இன்ஃபுளுவென்சாவும் பரவும். 2020 இல் டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. எனக்கு வந்தது அப்படி ஆளுக்கு ஆள் தொற்றுகிற வகை இல்லை. அதைச் சொல்லியும் சொந்தக்காரர் படலைக்கு வெளியே நின்றுதான் சுகம் விசாரித்தார்கள்.

நான் வார்டில் கிடந்த நாட்களில் மச்சான் நெல்லைக் களத்திலேயே விற்றுவிட்டார். ஈரம் என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்திருக்கிறான் வியாபாரி. உச்சி வெயிலில் காய்ந்த நெல்லில் என்ன ஈரம்? நோய்க்கு மருந்து கிடைத்தது, இதற்கு யாரிடம் போவது? சரி, அது உங்கள் கேள்வி இல்லை.

கப்பலில் இருந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் காய்ச்சல் தொடங்கியிருந்தால், அதிலும் வயது ஐம்பதைத் தாண்டியவராகவோ புகைப்பவராகவோ இருந்தால், இன்றைக்கே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். ஏறிய தேதி, இறங்கிய தேதி, தொட்டியில் இருந்தாரா இல்லையா என்று ஒரு துண்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். விவரத்தை அப்பாவிடம் கேட்க வேண்டாம், அம்மாவிடம் கேளுங்கள்.