டெல்லி போலீஸ் ஏன் டெல்லி முதல்வரின் கையில் இல்லை?

ஊட்டி போலீஸ் தமிழக அரசின் கீழ் இருக்கும்போது, டெல்லி போலீஸ் மட்டும் மத்திய உள்துறை அமைச்சகத்துக்குக் கட்டுப்பட்டது ஏன் என்று கோத்தகிரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி காவல்துறை மாநிலப் பட்டியலில் வருகிறது. மைசூர் சாலையில், கக்கநல்லா சோதனைச் சாவடியில் உங்கள் வண்டியை நிறுத்தும் காவலர் மாவட்ட எஸ்.பி.க்குக் கட்டுப்பட்டவர். அந்த அதிகார வரிசை சென்னையிலுள்ள டி.ஜி.பி. வரை போகிறது. சாவடியைத் தாண்டிப் பந்திப்பூருக்குள் நுழைந்துவிட்டால் அது கர்நாடகக் காவல்துறையின் எல்லை.

டெல்லி முழு மாநிலம் அன்று. சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசம். 1991-இல் நிறைவேறிய 69-ஆவது திருத்தம் 239ஏஏ என்ற பிரிவைச் சேர்த்தது. டெல்லிக்குச் சட்டமன்றத்தைக் கொடுத்த அதே பிரிவு, பொது ஒழுங்கு, காவல்துறை, நிலம் ஆகிய மூன்றிலும் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அதற்குத் தரவில்லை. டெல்லி போலீஸ் கமிஷனரை நியமிப்பதும் மத்திய உள்துறைதான். 2023 மே மாதம் அதிகாரிகள் மீதான அதிகாரம் பற்றி உச்ச நீதிமன்றம் டெல்லி அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோதும் இந்த மூன்றும் விலக்காகவே இருந்தன.

நாடாளுமன்றமும் அயல்நாட்டுத் தூதரகங்களும் உள்ள நகரின் பாதுகாப்பு மத்திய அரசிடம் இருக்க வேண்டும் என்ற வாதம் நியாயமானது. ஆனால் தெருவில் நகை பறிகொடுத்த பெண், தான் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல்வரிடம் போலீஸைப் பற்றி முறையிட்டுப் பயனில்லை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முக்கியப் பகுதிகளின் காவலை மத்திய அரசு வைத்துக்கொண்டு, குடியிருப்புப் பகுதிகளின் காவல் நிலையங்களை டெல்லி அரசிடம் ஒப்படைக்கலாம். அதற்கு நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும்.