சங்கிலிபோல் இணைந்து, கடைசியில் சண்டை போட மறுக்கும் ரோபோ வீரர்கள்: எந்தக் கதை?

போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்வாஃப் லெம் எழுதிய 'சைபீரியட்' (1965) தொகுப்பில் வரும் 'முதல் பயணம்'தான் நீங்கள் தேடும் கதை. ட்ரூர்ல், கிளபாசியஸ் என்ற இரண்டு ரோபோப் பொறியாளர்கள் எதிரெதிர் அரசர்களிடம் வேலைக்குச் சேர்வார்கள். அவர்கள் யோசனைப்படி ஒவ்வொரு வீரனுக்கும் முன்னால் ஒரு பிளக், பின்னால் ஒரு சாக்கெட். அணி நெருங்கி நின்றால் எல்லோருக்கும் ஒரே மனம். படை பெருகப் பெருக அந்த மனம் யோசிக்க ஆரம்பிக்கும். கலை, தத்துவம் என்று போய், கொல்லும் ஆசையே விட்டுப்போகும். லெம்மின் போர் எதிர்ப்பு இவ்வளவு கனிவாக வேறெங்கும் வந்ததில்லை என்பேன்.

வாங்கிய லெம் தொகுப்பில் இந்தக் கதை இல்லை என்கிறீர்கள். அநேகமாக 'மார்ட்டல் எஞ்சின்ஸ்' வாங்கியிருப்பீர்கள். அதிலும் ரோபோ அரசர்கள் உண்டு, 'சைபீரியட்'டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அதே மைக்கேல் காண்டெல்தான் அதற்கும் மொழிபெயர்ப்பாளர், குழப்பம் சகஜம்.

பொருளடக்கத்தைப் பாருங்கள். ட்ரூர்ல், கிளபாசியஸின் ஏழு பயணங்கள் வரிசையாக இருந்தால் சரியான புத்தகம்.

ஒன்று மட்டும்: ஆயுதங்களை நிலவுக்கு அனுப்பிவிடுவதாகவும் நினைவிருந்தால், அது அவருடைய 'பீஸ் ஆன் எர்த்' நாவல். இரண்டும் கலந்திருக்கலாம்.