செய்யுளில் குறையும் மதிப்பெண் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

என் மகள் பத்தாம் வகுப்பு, தமிழ்நாடு பாடத்திட்டம். மனப்பாடப் பாடல்களைத் தடையில்லாமல் ஒப்பிக்கிறாள். ஆனால் திருப்புதல் தேர்வில் செய்யுள் பகுதியில்தான் மதிப்பெண் குறைகிறது. குறளின் சீர்களை அசைகளாகப் பிரித்து வாய்பாடு எழுதும் ‘அலகிடும்’ வினாவைத் தொடுவதே இல்லை. பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

ரா.

அன்புள்ள ரா.,

ஒப்பிக்கத் தெரிந்தும் மதிப்பெண் குறைகிறதென்றால், பாட்டைக் காதால் மட்டுமே படித்திருக்கிறாள். முல்லைப்பாட்டின் முதலடி ‘நனந்தலை உலகம் வளைஇ நேமியொடு’. ஒப்பிக்கையில் ‘வளைஇ’யின் இகரம் முன்னுள்ள ஐகாரத்தில் கரைந்துவிடும், தாளில் ‘வளை நேமியொடு’ என்று விழும். மூன்றாம் அடியின் ‘மாஅல்’ ‘மால்’ ஆகிவிடும். ‘அடிமாறாமல் எழுதுக’ என்று கேட்கிறார்கள். அளபெடையும் (ஓசை நீள்வதைக் காட்ட வரும் உயிரெழுத்து) ஒற்றும் (மெய்யெழுத்து) பாட்டில் சேர்ந்தவைதான். அந்த ‘வளைஇ’ சொல்லிசை அளபெடை என்பதால் இலக்கண வினாவுக்கும் அதுவே விடை. வாய்விட்டுப் படிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. படித்ததும் புத்தகத்தை மூடி ஒருமுறை எழுத வேண்டும்; பிறகு திறந்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, பிழையைச் சிவப்பு மையில் வட்டமிட வேண்டும். மறுநாள் வட்டமிட்ட அடிகளை மட்டும் எழுதினால் போதும்.

அலகிடுவதை மனப்பாடத்திலிருந்து பிரித்துத் தனிப் பாடமாக வைப்பதால்தான் அது பயமுறுத்துகிறது. உண்மையில் மனப்பாடத்தைச் சரிபார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. ‘ஒழுக்கம் விழுப்பம் தரலான் ஒழுக்கம் உயிரினும் ஓம்பப் படும்’ என்ற குறளை எழுதியதும் அங்கேயே அலகிடச் சொல்லுங்கள். சீரின், அதாவது அடியில் இடைவெளிவிட்டு எழுதும் ஒவ்வொரு துண்டின், முதலெழுத்து குறிலா என்று பார்க்க வேண்டும். குறிலாக இருந்து, அடுத்தது மெய்யாக இல்லாவிட்டால், இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும், அது நிரை அசை. நெடில் தனியாகவே நேர் அசை. குறிலுக்குப் பின் உடனே மெய் வந்தால் அதுவும் நேர். அசைக்குப் பின்னால் வரும் ஒற்று அந்த அசையோடு சேரும், தனிக் கணக்கு கிடையாது. ‘தரலான்’ என்பதை த/ர/லான் என்று மூன்றாக உடைப்பதுதான் பிள்ளைகள் அதிகம் செய்யும் தவறு. தர/லான், நிரை நேர், அந்த அசை வரிசைக்குரிய வாய்பாடு புளிமா. இப்படியே போனால் முதலடி நான்கும் புளிமா. உயி/ரினும் கருவிளம், ஓம்/பப் தேமா, படும் மலர்.

முடித்த பிறகு அரை நிமிடம் தளை, அதாவது ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் தொடக்கமும் இணையும் விதம், பார்க்க வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. மா முன் நிரை (வாய்பாடு ‘மா’ என முடிந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்கும்), விளம் முன் நேர், காய் முன் நேர்: குறளில் இந்த மூன்றைத் தவிர வேறு வராது. எங்காவது இடித்தால் அலகு தவறு, அல்லது குறளையே தவறாக எழுதியிருக்கிறாள்.

குறளைக் கைபேசியில் பார்த்துப் படிக்க விடாதீர்கள். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று அங்கே பல இடங்களில் சொல் பிரித்துப் போட்டிருப்பார்கள். 751ஆம் குறளின் இரண்டாம் அடி ‘பொருளல்ல தில்லை பொருள்’. பொரு/ளல்/ல, நிரை நேர் நேர், புளிமாங்காய், தில்/லை தேமா, பொருள் மலர். இதையே ‘பொருளல்லது இல்லை’ என்று பிரித்தால் பொரு/ளல்/லது, நிரை நேர் நிரை, புளிமாங்கனி. குறள் வெண்பா வகை; வெண்பாவில் ‘கனி’ என முடியும் சீர் வராது. அதனால் பாடநூலில் அச்சிட்ட சீர்பிரிப்பை அப்படியே பார்த்து எழுதப் பழக வேண்டும். வினாத்தாளில் தரும் குறளையும் மாற்றிப் பிரிக்கக் கூடாது.

ஈற்றுச்சீரில் தனிக் கவனம் வேண்டும். நாள், மலர், காசு, பிறப்பு தவிர அங்கே வேறு வாய்பாடு இல்லை. ‘முதற்றே உலகு’ என்பதில் ‘உலகு’ குற்றியலுகரத்தில் (குறுகி ஒலிக்கும் உகரத்தில்) முடிவதால் பிறப்பு. பழக்கதோஷத்தில் புளிமா என்று எழுதிவிடுவார்கள்.

‘… என முடியும் குறளை எழுதுக’ என்று கேட்பார்கள். முதற்சொல்லை வைத்து மட்டுமே மனப்பாடம் செய்த பிள்ளை இங்கே விழிக்கும். ஒரு தாளில் ஈற்றுச்சீர்களை மட்டும் வரிசையாக எழுதிக் கொடுங்கள். அவள் அதற்கெதிரே முழுக் குறளை எழுதட்டும்.

அணி (உவமை போன்ற செய்யுள் அழகு) வினாவில் இலக்கணம், பாடல், பாடலின் பொருள், அணி பாடலில் எப்படிப் பொருந்துகிறது என்று நான்கும் இருக்க வேண்டும். பெரும்பாலும் கடைசியை விட்டுவிடுகிறார்கள்.

இந்த இரண்டு மாதமும் நாளுக்கு இரண்டு குறள், இதே முறையில், அரை மணி நேரம் போதும். தேர்வில் அலகிடும்போது சீர், அசை, வாய்பாடு என்று மூன்று பத்தி கோடிட்டு, ஏழு சீரையும் முதலில் எழுதிவிட வேண்டும். அசை பிரிப்பதை அதன் பிறகே தொடங்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் ஒரு சீர் விடுபடும்.