செங்கல்பட்டு பக்கம் இரண்டு ஏக்கர் இருக்கிறது. சென்னை வீடுகளுக்கு மாதச் சந்தாவில் காய்கறி கொடுத்தால் கட்டுப்படியாகுமா?

ஆகும். ஆனால் பணத்தைக் கையில் வாங்குவதற்கு முன்னால், எந்த மாசம் என்ன காய் வரும், எது வரவே வராது என்று எழுதி ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்துவிடுங்கள். அதைச் செய்யாமல் பட்டவன் நான்.

எங்களுடையது மதுராந்தகம் பக்கம் இரண்டரை ஏக்கர். கோயம்பேட்டுக்கு மூட்டை போட்டு, கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகை எல்லாம் போக அப்பா கையில் என்ன மிஞ்சும் என்பதைப் பார்த்தே வளர்ந்தேன். அதனால் 2023 ஆடியில் தெரிந்தவர்கள் மூலமாக 32 வீடு பிடித்தேன். புரட்டாசியிலிருந்து வாரம் ஐந்து கிலோ காய், இரண்டு கட்டு கீரை, மூன்று மாதப் பணம் முன்கூட்டியே. விதைக்கிற நேரத்தில் வட்டி இல்லாத காசு கையில் இருந்தது எங்கள் வீட்டில் அதுதான் முதல் தடவை.

மூன்றாவது வாரமே ஆரம்பித்துவிட்டது. வெண்டை காய்க்கத் தொடங்கினால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும், விட்டால் முற்றி நுனி ஒடியாது. பதினைந்து நாள் இடைவெளி விட்டுப் பாத்தி பாத்தியாக ஊன்றாமல் மொத்தத்தையும் ஒரே நாளில் ஊன்றியது என் தப்பு, எல்லார் பையிலும் வெண்டையாகவே போனது. கேரட், பீன்ஸ் எங்கே என்று கேட்டார்கள். அது ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு வருகிற காய், எங்கள் வெயிலில் எங்கே போவது? இரவு பதினோரு மணிக்கு வெட்டிய கத்தரிக்காயில் புழு நெளிகிற போட்டோ வரும். துளை பார்த்துக் கழித்துத்தான் அனுப்புவோம், மருந்தடிக்காத கத்தரியில் ஒன்றிரண்டு தப்பத்தான் செய்யும். (உடனே சர்டிபிகேட் இருக்கா என்று கேட்பவர்களுக்கு: எங்கள் ஐந்து பேர் குழுவுக்கு பிஜிஎஸ், அதாவது விவசாயிகளே குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்கிற இயற்கை விவசாயச் சான்று, இருக்கிறது.)

டிசம்பரில் மிக்ஜாம் புயல். வெண்டை, கத்தரி எல்லாம் தண்ணீரில் நின்று அழுகிவிட்டது. அந்த வாரம் அனுப்ப முடிந்தது வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்கீரை, முன்பே பறித்து வைத்திருந்த பூசணி. நிலவரத்தைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். ஆறு வீடு மீதிப் பணம் கேட்டது, திருப்பிக் கொடுத்தேன். மயிலாப்பூர் பாட்டி ஒருவர் போன் பண்ணி, "தம்பி, வேண்டாம்னு சொல்றவங்க தண்டு எல்லாத்தையும் இங்க இறக்கிடு, நான் நறுக்கி மாடி வீட்டுக்கெல்லாம் குடுக்கறேன்" என்றார். அந்த வீட்டுக்கு இன்றைக்கும் முதல் பை என் கையால்தான் கட்டுகிறேன்.

அதற்கப்புறம் பட்டியல் கொடுத்துச் சேர்த்த வீடுகள் மழை வந்தாலும் நிற்கின்றன. ஜப்பானில் தெய்கெய் என்று 1970-களிலேயே விவசாயியும் காய் வாங்குகிற வீடுகளும் விளைச்சலோ நஷ்டமோ பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள், நான் புதிதாக எதுவும் சொல்லவில்லை. எல்லாருக்கும் இது ஒத்துவரும் என்றும் சொல்லவில்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். விடியற்காலை நாலு மணிக்கு வண்டி ஏற்றிக் கொண்டுவந்தால், ஒரு அடுக்குமாடியில் நாங்கள் லிஃப்ட்டில் ஏறக்கூடாதாம். அவர்கள் நாய் ஏறலாம். ஒன்பது மாடி பையைத் தூக்கிக்கொண்டு படியேறினான் என் தம்பி. அந்த இடத்தை அதோடு விட்டுவிட்டேன்.

நீங்கள் முதல் வருஷம் பதினைந்து வீட்டுக்கு மேல் எடுக்காதீர்கள். சித்திரையில் கிணறு எத்தனை மணி நேரம் இறைக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் கூட்டலாம்.