சீரியல் நேரத்தில் எட்டாம் நம்பர் ஊசி

கைவேலைப் பக்கம்: கொடைக்கானலிலிருந்து பின்னல் டீச்சரின் பதில்கள்

கேள்வி: டீச்சர், வணக்கம். எனக்கு 52 வயது. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் கேரட் லோடு ஏற்றிவிட்டு வர ராத்திரி ஆகிவிடும். ஆறரைக்கு டிவி முன்னால் உட்கார்ந்தால் பத்து மணிக்குத்தான் எழுந்திருக்கிறேன். மறுநாள் யாராவது கதை கேட்டால் பாதி நினைவில் இல்லை. எங்கள் அம்மா வீட்டில் எல்லோருக்கும் ஸ்வெட்டர் பின்னுவார். நான் கற்றுக்கொள்ளவே இல்லை. இந்த வயதில் விரல் வளையுமா? டிவியை ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டுமா?
– பெயர் வேண்டாம், வில்பட்டி

விரல் நன்றாக வளையும் சகோதரி. இத்தனை வருஷம் பூண்டு உரித்து, பீன்ஸ் ஆய்ந்து பழகிய கை. அந்தக் கைக்கு ஊசி ஒன்றும் பெரிய விஷயமில்லை.

டிவியை இன்றைக்கே நிறுத்த வேண்டாம். திடீரென்று வீடு சத்தமில்லாமல் போனால் உங்களுக்குத் தாங்காது, நாலு நாளில் ரிமோட்டை எடுத்துவிடுவீர்கள். முதலில் நாற்காலிக்குப் பக்கத்தில் ஊசியையும் நூலையும் வையுங்கள், போதும். கேபிள் டிவி விதிப்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். ஆறரையிலிருந்து பத்து வரை கணக்குப் போட்டால் நாற்பது நிமிடத்துக்கு மேலேயே வரும். அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விளம்பர இடைவேளையில் 20 கண்ணியில் ஒரு வரிசை முடித்தால்கூடச் சரிதான். கண்ணி என்றால் ஊசியில் நிற்கிற ஒரு நூல் வளையம்.

கடையில் 8-ம் நம்பர் ஊசி ஒரு ஜோடி கேளுங்கள், அதாவது 4 மில்லிமீட்டர். நம் கடைகளில் பழைய நம்பர்தான் புழக்கம். நம்பர் ஏற ஏற ஊசி மெலிந்துகொண்டே போகும், அதனால் 12-ம் நம்பரைப் பெரிய ஊசி என்று வாங்கிவிடாதீர்கள். உல்லன் நூல் 50 கிராம், வெளிர் நிறத்தில் வாங்குங்கள். மஞ்சு இறங்கிய சாயங்காலம், டியூப்லைட் வெளிச்சத்தில் கறுப்பு நூலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கண்ணி எது, இடைவெளி எது என்றே தெரியாது.

கண்ணி ஏற்றுவதையும் (ஊசியில் முதல் வரிசை போடுவது), ப்ளெயின் என்கிற அடிப்படைப் பின்னல் போடுவதையும் உங்கள் தெருவிலேயே பின்னத் தெரிந்த ஓர் அம்மா உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துவிடுவார். நான் எழுதிப் புரியவைப்பதைவிட அது மேல். அதற்கு அடுத்து வருகிற சிக்கலைத்தான் நான் சொல்ல வேண்டும்.

20 கண்ணி ஏற்றியிருப்பீர்கள். பத்து வரிசை கழித்து எண்ணினால் 24 இருக்கும். புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் ஆகிறது, உடனே “எனக்கு இது வராது டீச்சர்” என்று ஊசியை மூட்டை கட்டிவிடுகிறார்கள். காரணம் ஓரத்தில்தான் இருக்கிறது. ஒரு வரிசையை முடித்து ஊசியைத் திருப்பும்போது நூல் ஊசிக்கு மேலாகப் பின்னால் போய்விடுகிறது. அப்போது முதல் கண்ணி இழுபட்டு, அதன் இரண்டு காலும் இரண்டு தனிக் கண்ணியாகத் தெரியும். கையும் இரண்டு என்றே நம்பிப் பின்னிவிடும். ஊசியைத் திருப்பியதும் நூலைக் கீழே இழுத்து, ஊசிக்கு அடியிலேயே பின்னுக்குக் கொண்டுபோங்கள். ஓரம் நேராகிவிடும்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னலைப் பார்த்துப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். ப்ளெயின் கண்ணி நம் பக்கம் பார்த்தால் ஆங்கில ‘வி’ எழுத்தாகத் தெரியும். பர்ல் என்பது ப்ளெயினின் மறுபக்கம், அது ஒரு சின்ன மேடாகத் தெரியும். எல்லா வரிசையும் ப்ளெயின் போட்டால் துணியின் இரண்டு பக்கமும் வரப்பு வரப்பாக வரும், ஒரு வரப்புக்கு இரண்டு வரிசை. இது கண்ணுக்குப் பழகிவிட்டால் எத்தனையாவது வரிசையில் நிற்கிறோம் என்று யாரையும் கேட்க வேண்டாம். கண்ணி நழுவி ஐந்தாறு வரிசை கீழே ஓடிவிட்டாலும் பதற வேண்டாம், முனையில் கொக்கி உள்ள குரோஷே ஊசியால் ஒவ்வொரு வரிசையாக மேலே ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம். அந்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றால் அப்புறம் டிசைன் புத்தகமும் வேண்டாம், நீங்களே போட்டுப் பார்க்க ஆரம்பிப்பீர்கள். மூன்றரை மணி நேரம் திரையைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கும்போது உங்களுக்கு ஏதோ குறைகிறதே, அது இதுதான் என்று நான் நினைக்கிறேன். அங்கே உங்களை யாரும் எதுவும் யோசிக்கச் சொல்வதில்லை.

ப்ளெயின் மட்டும் போடும் வரை டிவி ஓடட்டும். ப்ளெயினும் பர்லும் கலந்து எண்ண ஆரம்பித்தால் திரையைப் பார்க்க முடியாது. அந்த நாள் வந்ததும் கோடை பண்பலை 100.5-ஐ வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு கேட்டுக்கொண்டே கண் நூலில் இருக்கும். மனசுக்குப் பிடித்த ஒரே ஒரு சீரியலை வைத்துக்கொண்டால் அதில் ஒரு தப்பும் இல்லை.

முதல் துணியை ஓர் ஆளை நினைத்துப் பின்னுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கே ஒரு மஃப்ளர் போடலாம். 44 கண்ணி ஏற்றி, 150 செ.மீ. நீளத்துக்கு முழுக்க ப்ளெயின். நூல் கிட்டத்தட்ட 200 கிராம் ஆகும். எல்லாவற்றையும் ஒரே சாயத் தொகுதியில் வாங்குங்கள், லேபிளில் எண் போட்டிருக்கும். பாதியில் போய் வாங்கினால் அதே நிறம் கிடைப்பது கஷ்டம்.

கேள்வி: வீடியோ பார்த்துப் பின்னல் கற்றுக்கொள்கிறேன். அதுவும் திரைதானே, டிவிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அக்கா கேலி செய்கிறாள்.
– கல்லூரி மாணவர், பூம்பாறை

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறீர்களா தம்பி? நிறுத்திவிட்டுக் கையால் செய்கிறீர்கள் என்றால் அது பாடம். ஒன்று முடிந்து அடுத்தது தானாக ஓடிக்கொண்டிருக்கிறது, ஊசி மடியிலேயே கிடக்கிறது என்றால் உங்கள் அக்கா சொல்வது சரி. இன்னொன்று, வீடியோவுக்கு உங்கள் தப்பு தெரியாது. வாரம் ஒருமுறையாவது பின்னத் தெரிந்த ஒருவரிடம் துணியைக் காட்டுங்கள்.

வீடியோ இல்லாமல் ஒரு வேலை தருகிறேன். கிராஃப் நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணி என்று வைத்து ஒரு குறிஞ்சிப் பூ வரையுங்கள். நம் மலையில் 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான், வரைந்து வைத்துக்கொள்ள இதைவிட நல்ல பூ கிடையாது. வரைந்ததை இரண்டு நிற நூலில் பின்னிப் பார்த்தால் பூ மேலிருந்து அமுக்கியதுபோல் குட்டையாக வரும். கண்ணியின் அகலம் அதன் உயரத்தைவிட அதிகம் என்பதுதான் காரணம். சாதாரண எட்டு இழை நூலில் 4 மி.மீ. ஊசியால், ஒரு வரிசை ப்ளெயின் ஒரு வரிசை பர்ல் என்று போட்டால், 22 கண்ணிக்கு 10 செ.மீ. அகலம் கிடைக்கும். அதே 22 வரிசைக்கு உயரம் 8 செ.மீ.யைக்கூடத் தொடாது. அப்படியானால் படத்தை எவ்வளவு நீட்டி வரைய வேண்டும்? நீங்களே கணக்குப் போட்டு எனக்கு எழுதுங்கள். கை இறுக்கத்தைப் பொறுத்து உங்கள் எண் மாறும், அதனால் முதலில் ஒரு சின்னச் சதுரம் பின்னி அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் பையனுக்கு 9 வயது. கார்ட்டூனை விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து பின்னுகிறான். அத்தைக்குப் பிடிக்கவில்லை, “பொம்பளப் புள்ள வேலை” என்கிறார்.
– வாசகி, பெருமாள்மலை

நம் மாவட்டத்துச் சின்னாளப்பட்டியில் தறியில் உட்காருகிற ஆண்களை அத்தை பார்த்திருப்பாரே, நினைவுபடுத்துங்கள். பெரு நாட்டில் டிட்டிகாகா ஏரிக்குள் தக்கீலே என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே குல்லா பின்னுவது ஆண்களின் வேலை, பையன்கள் சின்ன வயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். அந்தத் தீவின் துணிக் கலையை யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியக் கலைகளில் ஒன்றாக அறிவித்தது. அத்தையிடம் வாதாட வேண்டாம். மார்கழிக்கு முன்னால் பையன் கையாலேயே அவருக்கு ஒரு குல்லா பின்னிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரே வாரத்தில் மணிக்கட்டு வலிக்கிறது.
– வாசகி, பண்ணைக்காடு

நூலை இறுக்குகிறீர்கள். கண்ணி ஊசியில் வழுக்கி ஓட வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கையை உதறுங்கள். வலி விடவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மன்னவனூரில் கம்பளி ஆடு வளர்க்கிறார்களே, நம் மலைக் கம்பளியிலேயே பின்னலாமா? கடை நூலும் அதுவும் ஒன்றா?
– வாசகி, கவுஞ்சி

பக்கத்திலேயே இருந்துகொண்டு நல்ல கேள்வி கேட்டீர்கள். மன்னவனூரில் மத்திய ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இருக்கிறது. அங்கே வளர்வது பாரத் மெரினோ. ராஜஸ்தான் ஆடுகளோடு மெரினோ, ராம்புயே ஆடுகளைக் கலந்து உருவாக்கிய இனம், ரோமம் மெல்லியது. ஆனால் ஆட்டிலிருந்து கத்தரித்ததை அப்படியே பின்ன முடியாது. பிசுக்குப் போகக் கழுவி, சிக்கெடுத்து, நூற்று வர வேண்டும். நூற்கவும் சேர்த்துக் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் தாராளமாக இறங்குங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒருமுறை அந்த மையத்துக்கு அனுமதி வாங்கிக் கூட்டிப்போனால் ஸ்வெட்டர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடுவார்கள்.

கடையில் உல்லன் என்று கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். துவைப்பது சுலபம், சுருங்காது. நிஜக் கம்பளியைச் சுடுதண்ணீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கித் தடித்துவிடும், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து எடுப்பதோடு சரி. ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். அக்ரிலிக் தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், நிஜக் கம்பளி அவ்வளவு சுலபத்தில் பிடிக்காது. விறகு அடுப்புப் பக்கம் உட்கார்ந்து குளிர்காய்கிற பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பின்னுவதாக இருந்தால், கொஞ்சம் விலை கூடினாலும் லேபிளைப் பார்த்துக் கம்பளி நூலாகவே வாங்குங்கள்.