வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்கள்: வாசகர் கேள்விகள்

‘ரூத்லெஸ்’ என்றால் இரக்கமற்ற. அப்படியானால் ‘ரூத்’ என்றொரு சொல் இருந்ததா?

இருந்தது. இரக்கம், பிறர் துயர் கண்டு உருகுவது என்று பொருள். வருந்துவதைக் குறிக்கும் ‘ரூ’ என்ற வினையிலிருந்து பிறந்தது. 1637இல், கடலில் மூழ்கி இறந்த நண்பருக்காக மில்டன் பாடிய ‘லிசிடஸ்’ இரங்கற்பாவில் வானதூதரிடம் ‘ரூத்தால் உருகு’ என்று வேண்டுகிறார். பைபிளில் வரும் ரூத் வேறு. அது எபிரேய வழிப் பெயர். இரக்கத்தைச் சொன்ன சொல் மறைந்து, அது இல்லாததைச் சொல்லும் சொல் மட்டும் தங்கிவிட்டதில் எனக்கு வருத்தம்தான்.

‘நிக்நேம்’ என்பதில் ‘நிக்’ என்றால் என்ன? நிக்கோலஸ் என்பதன் சுருக்கமா?

இல்லை. இதில் ஒளிந்திருப்பது ‘ஈக்’ என்ற பழஞ்சொல். ‘கூடுதல்’ என்று பொருள். இட்ட பெயருக்கு மேல் கூடுதலாக வந்து ஒட்டியது ‘ஈக்நேம்’. நாம் உயிரெழுத்துக்கு முன் ‘ஓர்’ போடுவதுபோல் ஆங்கிலத்தில் ‘அன்’ வரும். ‘அன் ஈக்நேம்’ என்று சேர்த்துச் சொல்லிச் சொல்லி, ‘ன்’ அடுத்த சொல்லுக்குத் தாவிவிட்டது. 15ஆம் நூற்றாண்டிலேயே ‘நெகநேம்’ என்று எழுதியிருக்கிறார்கள். ‘நியூட்’ என்னும் நீர்ப்பல்லிக்கும் இப்படித்தான் தலையில் ‘ந’ முளைத்தது.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. சமையலறையில் கட்டும் ‘ஏப்ரன்’ முன்பு ‘நேப்ரன்’. அதன் உறவான ‘நேப்கின்’ மட்டும் ‘ந’வை விடாமல் வைத்திருக்கிறது. ‘ஆரஞ்சு’ம் ‘ந’வை இழந்த சொல்தான். ஆனால் பழியை ஆங்கிலத்தின் மேல் போட முடியாது, அங்கே வந்து சேரும் முன்பே இழந்துவிட்டது. அரபியில் ‘நாரஞ்ச்’, ஸ்பானிய மொழியில் இன்றும் ‘நரன்ஹா’. சமஸ்கிருதத்தின் ‘நாரங்க’ வழியாக இதன் வேர் திராவிட மொழிகளுக்குப் போகிறது என்று சொல்லாய்வாளர் பலர் கருதுகிறார்கள். ஊறுகாய்க்கு நறுக்கும் நாரத்தங்காயை அடுத்த முறை கையில் எடுக்கும்போது நினைத்துப் பாருங்கள்.

‘ஈக்’ இன்றும் முழுதாக அழியவில்லை. போதாத வருமானத்தை வைத்து ஒப்பேற்றுவதை ‘ஈக் அவுட்’ என்கிறார்களே, அது இந்தச் சொல்தான்.

பழைய நாவல்களில் வரும் ‘சென்நைட்’?

ஏழு இரவுகள், அதாவது ஒரு வாரம். 14 இரவுகள் ‘ஃபோர்ட்நைட்’. பகலை விட்டு இரவை எண்ணுவது பழைய ஜெர்மானிய வழக்கம். ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் முதல் நூற்றாண்டின் இறுதியில் இதைக் குறித்து வைத்திருக்கிறார்.

‘வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ’ என்பதை ‘ரோமியோ, நீ எங்கே?’ என்று என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சரியா?

திருத்திவிடுங்கள். ‘வேர்ஃபோர்’ என்றால் ‘ஏன்’. நீ ஏன் ரோமியோவாக, என் குடும்பத்தின் பகைவர் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்தாய் என்று ஜூலியட் புலம்புகிறாள். அடுத்த அடியிலேயே ‘உன் தந்தையை மறுத்துவிடு, உன் பெயரைத் துற’ என்கிறாள். நெற்றியில் கைவைத்துத் தேடுவதுபோல் நடிப்பது இந்த வரிக்குப் பொருந்தாது. அவன் கீழே தோட்டத்தில் நிற்பதே அப்போது அவளுக்குத் தெரியாது.